முப்பத்தெட்டு அடுப்பும் எழுநூற்று முப்பத்தைந்து கல்லும்

அந்தப் புதன்கிழமை நடந்தவை, நடந்த வரிசையில்:

1. காலை ஒன்பது மணிக்குப் பெரியப்பாவின் வைக்கோல் போரைப் பிரித்து டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

2. போர் இருந்த இடத்தில் டேப் பிடித்தேன். நாற்பது அடி வரவேண்டிய இடத்தில் நாற்பத்து நான்கு வந்தது.

3. மறுபடி பிடித்தேன். நாற்பத்து நான்கு.

4. மேஸ்திரி சிரித்தார்.

5. பத்து மணிக்குச் செல்வி அத்தாச்சி இடுப்பில் குடத்தோடு வந்து நின்று ஒரு கேள்வி கேட்டார்.

6. பதினோரு மணிக்கு ஒரு கல்லின் மேல் தீ மூட்டினோம்.

7. கல் வெடித்தது.

8. சாயங்காலம் முப்பத்தெட்டுப் பெண்கள், ஆளுக்கு மூன்று செங்கல்லோடு, கோயில் முன்னால் வரிசையாகக் குந்தி உட்கார்ந்தார்கள்.

எட்டாவதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பும் புல்லரிப்பும் ஒன்றாக வருகின்றன. இரண்டாவதை நினைத்தால் காது சூடாகிறது. ஆனால் இரண்டாவதை விட்டுவிட்டு எட்டாவதை மட்டும் எழுத முடியாது.

எண்ணூறா, எழுநூறா

விராலிமலையிலிருந்து உள்ளே வரும் டவுன் பஸ் எங்கள் ஊரில்தான் திரும்பும். பஸ் திரும்பும் இடத்துக்கு எதிரே அம்மன் கோயில். கோயிலுக்கு முன்னால் வெறும் மண் தரை. மழை வந்தால் சேறு, வெயில் வந்தால் புழுதி. வைகாசித் திருவிழாவுக்கு முன்னால் அந்தத் தரை முழுக்கக் கல் பாவிவிடுவது என்று ஊர் முடிவு செய்தது.

நான் சிவில் டிப்ளமோ முடித்து, புதுக்கோட்டையில் ஒரு கட்டுமான அலுவலகத்தில் மூன்றாவது வருடம் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவரை நான் போட்ட எல்லா அளவுகளுக்கும் கீழே வேறு யாருடைய கையெழுத்தாவது இருக்கும். இந்த வேலையில்தான் முதன்முதலாக அளவும் என்னுடையது, எண்ணும் என்னுடையது.

விழாக் கமிட்டிக் கூட்டத்தில் என் பெயரைச் சொன்னவர் பெரியப்பா. இரண்டு வார லீவு போட்டுவிட்டு வந்தேன்.

கல் எத்தனை என்று முதலில் சொன்னவர் கருப்பையா மேஸ்திரி. வேப்பமர மேடையில் ஒரு காலைத் தூக்கி வைத்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அங்கிட்டு ஒரு பார்வை, இங்கிட்டு ஒரு பார்வை.

“எண்ணூறு போடுங்க.”

நான் டேப் பிடித்தேன். கோயில் சுவரை ஒட்டி எழுபத்திரண்டு அடி. சுவரிலிருந்து தெரு ஓரம் வரை நாற்பது அடி. கல் இரண்டடிக்கு இரண்டடி. அறுத்து வரும்போது அரை அங்குலம் குறைவாகத்தான் வரும். அந்த அரை அங்குலம் இரண்டு கல்லுக்கு நடுவே விடும் இடைவெளிக்குச் சரியாகிவிடும்.

எழுபத்திரண்டில் முப்பத்தாறு கல். நாற்பதில் இருபது கல். பெருக்கினால் எழுநூற்று இருபது. வேப்பமர மேடை எட்டுக்கு எட்டு, அதற்குப் பதினாறு கல் கழியும். பலிபீடம் நாலுக்கு நாலு, அதற்கு நான்கு. ஆக எழுநூறு! இவ்வளவு சுத்தமான எண் வந்தால் யாருக்குத்தான் மனம் துள்ளாது? உடைசலுக்கு நூற்றுக்கு ஐந்து சேர்த்தேன். எழுநூற்று முப்பத்தைந்து.

“மேஸ்திரி எண்ணூறுங்கிறாரே,” என்றார் கமிட்டியில் ஒருவர்.

பெரியப்பா எழுந்து நின்றார். “எங்க பாப்பா படிச்சுட்டு வந்து சொல்லுது. அது சொன்னா ஒரு கல்லு கூடாது, ஒரு கல்லு கொறையாது. நான் பொறுப்பு.”

கல் நார்த்தாமலைப் பக்கத்துப் பட்டறையில் அறுபட வேண்டும். போனில் அந்த ஆள் தெளிவாகச் சொல்லிவிட்டார்: “எத்தனைன்னு இப்பவே கரெக்டா சொல்லிருங்கம்மா. இதை அறுத்து முடிச்சா மிசினை வேற ஆர்டருக்கு மாத்தணும். பொறவு பத்தலைன்னு கேட்டா அடுத்த மாசந்தான்.”

திருவிழாவுக்குப் பதினாறு நாள் இருந்தது. நான் எண்ணைச் சொன்னேன். அவர் திருப்பிச் சொன்னார். எழுநூற்று முப்பத்தைந்து. பெரியப்பாவின் பொறுப்பும் அதோடு சேர்ந்து பட்டறைக்குப் போனது.

பெண் பார்க்க வந்தபோது

எண்ணுவது எனக்குப் பழைய வியாதி.

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் பஸ் வரும்வரை தரையில் பதித்திருக்கும் ஆறுமூலைக் கற்களை எண்ணுவேன். நேராக எண்ணினால் ஒரு எண், சாய்வாக எண்ணினால் வேறு எண். இரண்டையும் வைத்து மொத்தம் எத்தனை என்று கணக்குப் போடுவதற்குள் பஸ் வந்துவிடும். சில நாள் பஸ் போயும்விடும்.

ஒருமுறை என்னைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். தலையைக் குனிந்து உட்காரச் சொன்னார்கள். குனிந்தால் டைல்ஸ். பதினாலுக்குப் பதினொன்று. டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் மட்டும் ஒரு வரிசை வெட்டிப் போட்டது. ஏன் அந்தப் பக்கம் வெட்டினார்கள், வாசலிலிருந்து ஆரம்பித்திருக்கிறார்களோ என்று நான் தலையைச் சாய்த்துப் பார்க்க, மாப்பிள்ளையின் அம்மா, “பொண்ணு எதையாச்சும் தொலைச்சிருச்சா?” என்று கேட்டார்.

அந்த வரன் அமையவில்லை. அந்த வெட்டு வரிசை மட்டும் இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது.

ஐந்தாவது வரி

பாலிடெக்னிக் நாளிலிருந்தே என் அளவு நோட்டின் முன் அட்டைக்கு உள்பக்கம் ஒரு பட்டியல் ஒட்டியிருப்பேன். நோட்டு மாறும், பட்டியல் மாறாது. ஒன்று, நீளம். இரண்டு, அகலம். மூன்று, கழிக்கவேண்டியவை. நான்கு, தண்ணீர் ஓடும் வாட்டம். ஐந்து, மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு அளவு.

ஐந்தாவதுதான் முக்கியம். குறுக்களவு இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் இடம் உண்மையான செவ்வகம். இல்லாவிட்டால் எங்கேயோ கோணல்.

அன்றைக்கு வடகிழக்கு மூலையில் பெரியப்பாவின் வைக்கோல் போர் நின்றது. சுற்றிப் போனால் கருவேல முள். தெரு கோயிலுக்கு நேராகத்தானே ஓடுகிறது, பார்த்தாலே தெரிகிறதே என்று, தெற்கு ஓரத்தில் மட்டும் அளந்துவிட்டு, ஐந்தாவது வரிக்கும் டிக் போட்டேன்.

அளக்காமல் டிக் போட்டேன்.

கல் வந்தது. இறக்கும்போது பத்து உடைந்தது, எதிர்பார்த்ததுதான். மேஸ்திரி கோயில் சுவரோரம் நூல் கட்டி, கிரஷர் தூள் பரப்பி, முதல் வரிசையை ஆரம்பித்தார். சுத்தியல் காம்பால் ஒவ்வொரு கல்லையும் தட்டுவார். அடியில் பொள்ளல் இருந்தால் சத்தம் மாறும். இரண்டு நாளில் ஒன்பது வரிசை முடிந்தது. எனக்குத் தரை வளர்வதைப் பார்க்கப் பார்க்கத் தெவிட்டவில்லை. டீ குடிக்கக்கூட அதன் மேலேயே நின்றேன்.

மூன்றாம் நாள் போரை எடுத்தார்கள். வடக்கு ஓரத்தில் நாற்பத்து நான்கு அடி. கோயில் நேராகக் கிழக்கே பார்க்கிறது. தெருதான் எங்கள் ஊரில் எல்லாவற்றையும்போலக் கொஞ்சம் நெளிந்து போகிறது.

“எஞ்சினியரம்மா,” என்றார் மேஸ்திரி, “கோயிலு கோணலா, ரோடு கோணலா, இல்ல ஒங்க டேப்பு கோணலா?”

“டேப் சரியாத்தான் இருக்கு அண்ணே. நாந்தான் கோணல்.”

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என் நோட்டை எட்டிப் பார்த்தார்.

தெற்கே ஒன்றுமில்லை, வடக்கே நான்கு அடி என்று ஒரு நீள முக்கோணம் கூடுதலாக வருகிறது. பரப்பாகப் பார்த்தால் முப்பத்தாறு கல். ஆனால் முக்கோணத்துக்குச் சாய்வாக வெட்டவேண்டும். வெட்டி மிஞ்சும் துண்டில் பாதிதான் வேறு இடத்துக்கு ஆகும். எப்படிப் போட்டாலும் ஐம்பதுக்குக் குறையாது. கையில் உபரியாக இருந்தது இருபத்தைந்து. அதாவது இருபத்தைந்து கல் பற்றாக்குறை, வேறு கல் வர ஒரு மாதம், திருவிழாவுக்கு எட்டு நாள். தெருவைப் பார்த்த ஓரம் பல் விழுந்த வாய்போலக் கிடக்கும். பெரியப்பா அதற்குப் பக்கத்தில் வேட்டி கட்டிக்கொண்டு நிற்பார்.

நான் நோட்டை மூடினேன். பெரியப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தபோதுதான் அத்தாச்சி வந்தார்.

“அடுப்பு எங்கிட்டு?”

செல்வி அத்தாச்சி என் ஒன்றுவிட்ட அண்ணனின் மனைவி. அண்ணன் சிங்கப்பூரில் இருக்கிறான். வீடு, வயல், மாடு மூன்றும் அத்தாச்சி கையில். பேச்சில் யாரையும் மிச்சம் வைக்கமாட்டார்.

குடத்தை இறக்காமலே தரையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு. ஏ புள்ள, ரோட்டு ஓரம் வரைக்கும் இப்படியே கல்லா?”

“ஆமா அத்தாச்சி.”

“அப்ப பொங்க அடுப்பு எங்கிட்டு வெக்கிறது? ஒன் தலையிலயா?”

நான் மேஸ்திரியைப் பார்த்தேன். மேஸ்திரி கையிலிருந்த சுத்தியலைப் பார்த்தார்.

எங்கள் ஊரில் முப்பத்தெட்டுத் தலைக்கட்டு. திருவிழாவில் ஒவ்வொரு தலைக்கட்டுக்கும், அதாவது ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஒரு பொங்கல் பானை. தெரு ஓரமாக மண்ணைக் கொஞ்சம் பறித்து, மூன்று செங்கல் வைத்து, விறகு அடுப்பு. யாருக்கு அடுத்து யார் என்பதுகூட மாறாது.

கமிட்டியில் இருந்த பதினோரு பேருமே ஆண்கள். வருடா வருடம் அந்தப் பொங்கலை வாழை இலையில் வாங்கிச் சாப்பிட்டவர்கள். ஒருவர்கூட அந்த அடுப்பில் ஒரு சுள்ளி வைத்ததில்லை. நானோ பத்தாம் வகுப்புக்குப் பிறகு திருவிழா வந்தாலே பரீட்சை, ஹாஸ்டல் என்று ஒதுங்கிவிட்டவள். எல்லோரும் சேர்ந்து மரத்தைக் கழித்தோம், பலிபீடத்தைக் கழித்தோம், அடுப்பை மறந்துவிட்டோம்.

செய்தி பரவி, கமிட்டியில் நான்கைந்து பேர் வந்துவிட்டார்கள்.

“கல்லு மேலயே செங்கல்ல வெச்சுப் பொங்கிட்டுப் போங்களேன். இன்னும் சுத்தம்,” என்றார் ஒருவர்.

“நீங்க வந்து பொங்குறீங்களா சித்தப்பா? நான் மைக்செட்டுக்கிட்ட நின்னுக்கிர்றேன்,” என்றார் அத்தாச்சி.

நான் சொன்னேன்: “பேசவேண்டாம். ஒரு கல்லை வெச்சுப் பாத்துருவோம்.”

சோதனை

தனியாக ஒரு கல்லை மண்ணில் கிடத்தினோம். மேலே மூன்று செங்கல். அத்தாச்சி வீட்டுக்குப் போய்க் கருவேல விறகும் தென்னம்பாளையும் கொண்டுவந்தார். தண்ணீர் நிரப்பிய பானையை ஏற்றித் தீ வைத்தார்.

வெயிலில் நெருப்பின் நிறமே தெரியவில்லை. பானைக்கு மேல் காற்று மட்டும் நெளிந்தது. கால் மணி நேரம் ஒன்றும் ஆகவில்லை. சித்தப்பா மீசையைத் தடவிக்கொண்டு, “நான் சொன்னேன்ல...” என்று ஆரம்பித்தார்.

‘டப்!’

உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சில்லு கல்லிலிருந்து எகிறி, பானையில் மோதி, சித்தப்பாவின் செருப்புக்குப் பக்கத்தில் விழுந்தது. அவர் பின்னால் குதித்த தூரத்தை அளந்திருந்தால் அதுவும் நாலடி இருக்கும்.

மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். “மலையில பாறையை உரிக்கவே தீயைத்தானய்யா போடுறோம்! நெருப்புப் போட்டாத்தான் அப்பளமா மேல வரும். எங்கப்பனுக்குக் காலம் பூரா அந்த வேலைதான். நானே மறந்துட்டேனே!”

அதுதான் வேடிக்கை. கல்லைத் தீயால் உரிக்கும் ஊர்க்காரர்கள் நாங்கள். அந்தக் கல்லின் மேலேயே முப்பத்தெட்டு அடுப்பை மூட்ட இருந்தோம்.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். எனக்கு எதுவும் காதில் விழவில்லை. சில்லு விழுந்த இடத்திலிருந்து தெரு ஓரத்தைப் பார்த்தேன். தெற்கே நாற்பது, வடக்கே நாற்பத்து நான்கு. அடுப்புக்கு மண் வேண்டும். மண் தெரு ஓரத்தில்தான் வேண்டும். கோணலும் தெரு ஓரத்தில்தான் இருக்கிறது!

கல்லை முப்பத்து நான்கு அடியோடு நிறுத்திவிட்டால்? கோயில் பக்கம் முழுக்கச் சுத்தமான செவ்வகம். தெரு ஓரத்தில் தெற்கே ஆறடி, வடக்கே பத்தடி மண். அதில் அடுப்பு. மண்ணுக்குக் கோணலைப் பற்றிக் கவலை இல்லை.

நான் ஓடினேன். நோட்டு டீக்கடை பெஞ்சில் இருந்தது. நடந்தே எடுத்திருக்கலாம், முடியவில்லை.

ஆளுக்கு மூன்று செங்கல்

ஆனால் முப்பத்தெட்டு அடுப்பு அந்த மண்ணில் அடங்குமா? ஒரு அடுப்புக்கு எத்தனை அடி? அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

அத்தாச்சி வீடு வீடாகச் சொல்லிவிட்டார். ஐந்து மணிக்கு வந்தார்கள் பாருங்கள்! ஆளுக்கு மூன்று செங்கல், சிலர் கையில் வெறும் பானை வேறு. வயலிலிருந்து நேரே வந்தவர்கள், நைட்டி மேல் துண்டு போட்டு வந்தவர்கள், பிள்ளையை இடுப்பில் வைத்து வந்தவர்கள். நான் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுக்கொண்டே போனேன்.

“ஏ, எங்க எடம் வேப்ப மரத்துல இருந்து ஏழாவது. நகரு.”

“மரம் எங்க ஓடியா போச்சு? எண்ணிப் பாரு, இதான் எட்டு.”

“இம்புட்டு நெருக்கமா வெச்சா என் சீலை ஒன் அடுப்புல வேகும்.”

“வேகட்டும். போன வருசங் கட்டுன அதே சீலைதானே.”

நடுவில் தெருவிலிருந்து கோயிலுக்குள் நுழைய எட்டடி விட்டேன். இரண்டு பக்கமும் முப்பத்திரண்டு அடி. முதலில் இரண்டரை அடிக்கு ஒன்று வைத்துப் பார்த்தோம், முழங்கை இடித்தது. மூன்றடிக்கு மேல் இரண்டு அங்குலம் கூட்டியதும் எல்லோரும் வசதியாகக் குந்தினார்கள். ஒரு பக்கம் ஒரு வரிசைக்குப் பத்து அடுப்பு. இரண்டு வரிசை. இரண்டு பக்கமும் சேர்த்து நாற்பது. முப்பத்தெட்டும் அடங்கி, இரண்டு மிச்சம்.

“அந்த ரெண்டும் வாக்கப்பட்டுப் போன புள்ளைங்க யாராச்சும் வந்தா,” என்றார் அத்தாச்சி. உடனே தீர்மானமாகிவிட்டது.

நெருப்பே இல்லாத முப்பத்தெட்டு அடுப்புகளுக்கு முன்னால், சாயங்கால வெயிலில், முப்பத்தெட்டுப் பெண்கள், இல்லாத பொங்கலைக் கிண்டிக் காட்டிச் சிரித்தார்கள். நான் படித்த எந்த வரைபடமும் இப்படி உயிரோடு உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை.

பிறகு கணக்கு. முப்பத்தாறு பெருக்கல் பதினேழு, அறுநூற்றுப் பன்னிரண்டு. மேடையும் பலிபீடமும் போக ஐந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. நடு நுழைவுக்குக் கல், எட்டுக்கு எட்டு, பதினாறு. ஆக அறுநூற்று எட்டு. கையில் நல்ல கல் எழுநூற்று இருபத்து நான்கு. பத்து உடைந்தது, ஒன்றை நாங்களே வெடிக்க வைத்தோம். மிச்சம் நூற்றுப் பதினாறு!

“மிச்சத்தை ஊருணிப் படி வரைக்கும் போடுங்க,” என்றார் அத்தாச்சி. “பொங்கலுக்குத் தண்ணி அங்கிட்டு இருந்துதான் தூக்குறோம். வழுக்கி விழாத ஆளு இந்த ஊர்ல இல்ல.”

கோயிலின் வடக்கு ஓரத்திலிருந்து படி வரை அளந்தேன். இந்தமுறை இரண்டு தடவை. நூற்றுப் பத்து அடி. இரண்டு கல் அகலத்தில் போட்டால் நூற்றுப் பத்து கல்.

பாதித் தப்பு

எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். பெரியப்பா நடுவில் வந்து நின்றார். “பாத்தீங்களா? எங்க பாப்பா போட்ட எண்ணு. கல்லும் பத்துச்சு, பாதைக்கும் ஆச்சு!”

பேசாமல் இருந்திருக்கலாம். மேஸ்திரிக்கு மட்டும்தான் தெரியும். அவர் வெற்றிலையை மென்றுகொண்டு வேறு பக்கம் பார்த்தார். காட்டிக்கொடுக்க மாட்டார் என்று புரிந்தது.

“இல்ல பெரியப்பா,” என்றேன். “நான் சொன்ன எண்ணு தப்பு. வடக்குப் பக்கம் அளக்காமலே அளந்ததா டிக் போட்டுட்டேன். முழுக்கப் பாவியிருந்தா இருபத்தஞ்சு கல் கொறைஞ்சிருக்கும். அத்தாச்சி வந்து கேட்டதால தப்பிச்சேன்.”

எங்கோ ஒரு பானை மூடி விழுந்து உருண்டது.

“ஏன் வடக்குப் பக்கம் அளக்கல?” என்றார் பெரியப்பா.

“போர் நின்னுச்சு.”

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். “அந்தப் போரு என்னுது. பத்து நாளா எடுக்கச் சொன்னாங்க, நாந்தான் எடுக்கல. பாதித் தப்பை எம்பேர்ல எழுதிக்க.”

“அப்ப மீதிப் பாதி?” என்று அத்தாச்சி என்னைப் பார்த்தார்.

“எம்பேர்ல.”

“சரி. ரெண்டு பேரும் திருவிழாவுக்கு விறகு வெட்டிப் போடுங்க. எல்லா அடுப்புக்கும்.”

வெட்டினோம். பெரியப்பா கொஞ்சம், நான் நிறைய.

திருவிழா அன்று முப்பத்தொன்பது பானை பொங்கியது. வாக்கப்பட்டுப் போன ஒருத்தி கைக்குழந்தையோடு வந்திருந்தாள். ஊருணிப் பாதையில் யாரும் வழுக்கவில்லை. நுழைவு ஓரத்தில் மட்டும் தெருவின் கோணலுக்காகச் சில அங்குலம் சிமெண்டு வைத்துச் சரிக்கட்டியிருக்கிறோம். கூர்ந்து பார்த்தால் தெரியும்.

இப்போதைய நிலவரம் இது. ஆறு கல் மிச்சம், கோயில் சுவரில் சாத்தி வைத்திருக்கிறது. வெடித்த கல் ஊருணிப் படியில் கிடக்கிறது. அதன் சொரசொரப்பில் பானை தேய்க்க வசதியாக இருக்கிறதாம். போன வாரம் மணமேல்குடியில் மீன் காய வைக்கும் களம் ஒன்றுக்குக் கல் பாவ என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நான்கு பக்கமும் அளந்தேன். மூலைக்கு மூலை குறுக்கே இரண்டும் அளந்தேன். இரண்டும் ஒன்றாக இல்லை. கல் எத்தனை என்று இன்னும் சொல்லவில்லை.